விளக்கு எரிந்தால்

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில் 16 துளைகள் கொண்ட சாக்கெட் ஒன்று ஒளிந்திருக்கும். அமெரிக்காவில் 1996 முதல் கார்களுக்கு அது கட்டாயம். நம்மூர்ப் புதுக் கார்களிலும் அதேதான். புளூடூத் ஸ்கேனரைச் செருகினால், இன்ஜின் விளக்கு எரிந்ததற்கான எரர் கோட் போனுக்கே வந்துவிடும். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மெக்கானிக் நீட்டும் பில்லை நாலு கேள்வி கேட்கலாம். ஆனால் எரர் கோட் சொல்வது அறிகுறியை மட்டுமே. பி0171 என்றால் பெட்ரோலுக்குக் காற்று அதிகம், அவ்வளவுதான். உடனே ஆக்சிஜன் சென்சரை மாற்றுகிறார்கள் (பாவம், உள்ளதைச் சொன்ன சாட்சி அது). உண்மையான காரணம் வெடித்த வேக்கம் ஹோஸ், அழுக்கேறிய ஏர்ஃப்ளோ சென்சர், பலம் குறைந்த பெட்ரோல் பம்ப் என எதுவாகவும் இருக்கலாம். எரர் கோடை அழித்துவிட்டு மட்டும் ஒர்க்‌ஷாப் போகாதீர்கள். கோளாறு பதிவானபோது இருந்த வேகம், இன்ஜின் சூடு எல்லாம் கூடவே அழிந்துவிடும். மெக்கானிக் துப்பில்லாமல் தேடுவார், கூலி உங்கள் தலையில் ஏறும்.