எதையும் நிரூபிக்க வேண்டாத அலாவுதீன்

கமலும் ரஜினியும் சேர்ந்து நடித்த படங்களைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் விரல் மடக்க ஆரம்பித்து விடுவார்கள். அபூர்வ ராகங்கள், மூன்று முடிச்சு, அவர்கள், 16 வயதினிலே, இளமை ஊஞ்சலாடுகிறது, அவள் அப்படித்தான், நினைத்தாலே இனிக்கும்... அதோடு நின்று விடும். கொஞ்சம் கில்லாடிகள் 'ஆடு புலி ஆட்டம்' என்று ஒன்றைச் சேர்ப்பார்கள். 'அலாவுதீனும் அற்புத விளக்கும்' என்று சொல்லிப் பாருங்கள். "அப்படி ஒரு படமா? கமல் ரஜினியா? சும்மா கதை விடாத" என்பார்கள்.

கதை விடவில்லை நண்பர்களே. 1979 ஜூன் மாதம் வந்த படம். மலையாளத்திலும் தமிழிலும் எடுத்தார்கள். இயக்கம் ஐ.வி.சசி, இசை ஜி.தேவராஜன், இரண்டு பேருமே மலையாளத்தில் பெரிய ஆட்கள். கமல் அலாவுதீன், ரஜினி கமருதீன். கூடவே ஜெமினி கணேசன், சாவித்திரி, ஜெயபாரதி, ஸ்ரீப்ரியா. இவ்வளவு பேரும் ஒரே படத்தில் இருந்தும் அதைப் பற்றிப் பேச ஆள் இல்லை. யாராவது பேசினாலும் 'கமல் ரஜினி சேர்ந்து நடித்த படங்களில் ஒன்று' என்று வினாடி வினா துணுக்காகத்தான் பேசுகிறார்கள்.

எங்கள் வீட்டு டிவி ஸ்டாண்டுக்குக் கீழே ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய விசிடி கிடக்கிறது. இந்த லீவில் அதிலிருந்து இந்தப் படத்தை எடுத்துப் பார்த்தேன். விசிடி என்றால் என்னவென்று தெரியாத ஜூனியர்களுக்காக: ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் பிடிக்கும். அதனால் சண்டைக்கு நடுவிலோ பாட்டுக்கு நடுவிலோ படம் நின்று விடும். எழுந்து போய் அடுத்த தட்டைப் போட வேண்டும். படத்தின் தெளிவைப் பற்றி... கண்ணாடி போட்டவர்கள் கழற்றி விட்டுப் பார்த்தாலும் ஒன்றுதான் :-)

காமர்ஸ் படிக்கிறவன் என்பதால் விலையைப் பற்றி ஒரு வார்த்தை. இந்த மாதிரிப் படங்கள் நம் வீடுகளுக்குள் வந்ததற்கு ஒரு வியாபாரக் கணக்கு காரணம். 2007ல் மோசர் பேர் கம்பெனி விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று விலை வைத்து இறங்கியது. திருட்டு விசிடி விற்கிற விலைக்கே அசலைக் கொடுத்தால் ஜனங்கள் எதற்குத் திருட்டுக்குப் போகப் போகிறார்கள் என்பதுதான் யோசனை. அந்த விலையில் புதுப்படம் வாங்கப் போனவர்கள் பழைய படம் நாலையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்தார்கள். அப்புறம் இன்டர்நெட் வந்தது, தட்டு வியாபாரம் படுத்தது, 2018ல் அந்தக் கம்பெனியைக் கலைத்து விற்க தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. கம்பெனி போனாலும் தட்டுகள் வீட்டில் இருக்கின்றன. தேய்மானம் போட்டால் மதிப்பு பூஜ்யம். ஆனால் உள்ளே இருக்கிற சரக்குக்குத் தேய்மானம் போட நமக்குத் தெரியாது.

சரி, படம் எப்படி? உள்ளதைச் சொல்லி விடுகிறேன். இது மகத்தான படம் இல்லை. செட்டு செட்டாகவே தெரிகிறது. மந்திரக் காட்சிகளைப் பார்த்தால் இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மொபைலில் இதைவிட நன்றாகச் செய்வார்கள். படம் அவசரமே இல்லாமல் நகர்கிறது. வந்த காலமும் சரியில்லை. 1977ல் 16 வயதினிலே, 1978ல் முள்ளும் மலரும், 1979ல் உதிரிப்பூக்கள் என்று தமிழ் சினிமா செட்டை விட்டு வெளியே வந்து மண் ரோட்டில் நடக்க ஆரம்பித்திருந்த நேரம் அது. அந்த நேரத்தில் தலைப்பாகை, அரண்மனை, விளக்குப் பூதம் என்று வந்தால் யார் பார்ப்பார்கள்? கமலுக்கும் ரஜினிக்கும் சேர்ந்து நடிப்பதே அலுத்துப் போயிருந்த காலம். தனித்தனியாகப் போவது என்று முடிவெடுத்தார்கள். இந்தப் படம் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக் கொண்டது.

இத்தனை குறை சொல்லி விட்டு எதற்கு இதைப் பற்றி எழுதுகிறாய் என்று கேட்டால், காரணம் இருக்கிறது. அது படத்தின் பெயரிலேயே இருக்கிறது.

நான் படிப்பது தோல் ஊரில். ராணிப்பேட்டை, பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும், தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் பள்ளிவாசலும் பிரியாணிக் கடையும் எப்படி ஒரே தெருவில் இருக்கும் என்று. வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919லேயே வந்து விட்டது. என் வகுப்பில் அட்டென்டன்ஸ் எடுத்தால் நாலு பெயருக்கு ஒரு பெயர் 'தீன்' என்றோ 'அகமது' என்றோ முடியும். எங்களுக்கு அது ஒரு விஷயமே இல்லை. மச்சி என்றால் மச்சிதான்.

படத்தைப் பற்றி என் பெஞ்ச் நண்பனிடம் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்து விட்டு, "எங்க பேர்ல ஒருத்தன் ஹீரோவா வந்து, படம் முடியுற வரைக்கும் யாரையும் சுடாம, யாராலயும் சந்தேகப்படப்படாம இருந்த படம் ஒண்ணு சொல்லு மச்சி" என்றான். எனக்கு உடனே வாயில் வரவில்லை. உங்களுக்கு வருகிறதா?

பழைய படங்களில் தேடினால் வருகிறது. 1949ல் நாகேஸ்வர ராவ், பானுமதி நடித்த லைலா மஜ்னு. 1956ல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த அலிபாபாவும் 40 திருடர்களும். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அதுதான். அந்த வண்ணத்தில் ஜனங்கள் முதலில் பார்த்த கதாநாயகனின் பெயர் அலிபாபா, நடித்தவர் எம்.ஜி.ஆர்.! 1957ல் நாகேஸ்வர ராவ் நடித்து இதே அலாவுதீன் கதை வந்திருக்கிறது. 1960ல் எம்.ஜி.ஆர். பாக்தாத் திருடன். இந்த வரிசையில் கடைசிப் பக்கம் வந்து நிற்பதுதான் 1979 அலாவுதீன். முப்பது வருஷம் தமிழ்நாட்டில் டிக்கெட் வாங்கி, விசில் அடித்து, அலிபாபாவும் அலாவுதீனும் ஜெயிக்க வேண்டும் என்று ஜனங்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். தரை டிக்கெட்டில் இருந்தவர்கள் எந்த மதம் என்று யாரும் கணக்கெடுக்கவில்லை.

அதற்கு அப்புறம் என்ன ஆனது? 1992ல் ரோஜா. 2012ல் துப்பாக்கி. நடுவில் வந்த கேப்டன் படங்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அரபுப் பெயர் வந்தால் பின்னாடியே ஒரு துப்பாக்கியும் வரும் என்பது சினிமா இலக்கணம் ஆகி விட்டது. அப்படி இல்லாவிட்டால் ஹீரோவின் நல்ல நண்பராக ஒரு பாய், இடைவேளைக்குள் செத்துப் போவார். பாட்ஷாவில் (1995) அன்வர் செத்த பிறகுதான் மாணிக்கம் 'பாட்ஷா' ஆகிறார். பெயர் மட்டும் மிஞ்சுகிறது, பெயருக்குச் சொந்தக்காரன் மிஞ்சுவதில்லை.

"ஏன், முஸ்லிம் ஹீரோவே வரலையா?" என்று கேட்கலாம். வந்திருக்கிறார்கள். அலாவுதீனாக நடித்த அதே கமல், 34 வருஷம் கழித்து 2013ல் விஸ்வரூபத்தில் விஸாம் அகமது காஷ்மீரியாக வந்தார். எதிர்ப்பு, அரசுத் தடை, கோர்ட் எல்லாம் தாண்டி பிப்ரவரியில்தான் தமிழ்நாட்டில் ரிலீஸ் ஆனது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. நான் பார்ப்பது வேறு. விஸாம் முஸ்லிம்தான், ஹீரோதான். ஆனால் அவன் உளவாளி. தீவிரவாதிகளை எதிர்த்து நின்றுதான் அவன் நல்லவன் என்று நமக்குக் காட்டப்படுகிறது. 2021ல் மாநாடு வந்தது, சிம்பு அப்துல் காலிக். எனக்கு ரொம்பப் பிடித்த படம். அதிலும் பழி தன் மேல், தன் சமூகத்தின் மேல் விழாமல் தடுக்கத்தான் அவன் அந்த ஒரே நாளில் திரும்பத் திரும்ப ஓடுகிறான். நல்ல நோக்கத்தில் எடுத்த படத்தில்கூட ஹீரோவுக்கு இந்த வேலை மிச்சம் இருக்கிறது. முதலில் தான் அப்படிப்பட்டவன் இல்லை என்று நிரூபிக்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

1979 அலாவுதீனுக்கு அந்த வேலை இல்லை. அவன் யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியது இல்லை. ஒரு விளக்கு, ஒரு காதல், நாலு எதிரி. அவ்வளவுதான் அவன் பிரச்சினை. எம்.ஜி.ஆருக்கும் ஜெய்சங்கருக்கும் கிடைத்த அதே சாதாரணப் பிரச்சினைகள் அவனுக்கும் கிடைத்தன. இந்தச் சாதாரணம்தான் காணாமல் போயிருக்கிறது.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. "அதெல்லாம் பாக்தாத் அரண்மனை, பூதம். ஆம்பூரில் தோல் பதனிடுகிறவரையா காட்டினார்கள்? நிஜ தமிழ் முஸ்லிமை அன்றைக்கும் காட்டவில்லையே" என்பார்கள். நியாயமான கேள்வி. ஜரிகைத் தலைப்பாகை போட்டு யாரும் பஸ் ஸ்டாண்டில் நிற்பதில்லை. பாவ மன்னிப்பில் (1961) சிவாஜி ரஹீமாக வந்த மாதிரி ஒன்றிரண்டைத் தவிர நிஜத்துக்குப் பக்கத்தில் அன்றைக்கும் யாரும் அதிகம் போகவில்லை. அலாவுதீன் கதையே யாருடைய ஊர்க் கதை என்று சொல்ல முடியாத ஒன்று. பழைய அரபுச் சுவடிகளில் அது இல்லை. 1709ல் ஹன்னா தியாப் என்ற அலெப்போ நகரத்துக் கிறிஸ்தவர் பாரீசில் வைத்துச் சொல்ல, அந்துவான் கலான் என்ற பிரெஞ்சுக்காரர் தன் ஆயிரத்தொரு இரவுகளில் சேர்த்து விட்டார். கதை நடக்கும் இடமோ சீனா! சிரியாக்காரர் சொல்லி, பிரெஞ்சுக்காரர் எழுதி, மலையாளி இயக்கி, பரமக்குடிக்காரர் நடித்த கதை. இதில் நிஜத்தைத் தேடினால் கிடைக்காது.

ஆனால் கற்பனைப் படத்தின் வேலை நிஜத்தைக் காட்டுவது இல்லையே. நாம் யாராக இருக்க ஆசைப்படலாம் என்று காட்டுவதுதான் அதன் வேலை. ஒரு பையன் துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு, குச்சியைக் கத்தியாகப் பிடித்து, "நான்தான்டா அலாவுதீன்" என்று கத்தலாம். அவன் பெயர் முருகனாக இருந்தாலும் கத்தலாம். பக்கத்து வீட்டு அலாவுதீன் அதைக் கேட்டு, தன் பெயர் ஒரு நல்ல பெயர் என்று நினைக்கலாம்.

இது சினிமாவோடு முடிகிற சமாச்சாரமாக எனக்குப் படவில்லை. எங்கள் சீனியர் ஒருவர் சி.ஏ. ஆர்ட்டிகிள்ஷிப்புக்காகச் சென்னையில் ரூம் தேடிப் போனார். போனில் 'காலியாக இருக்கிறது, வாங்க' என்று சொன்ன வீடு, பெயரைச் சொன்னதும் 'இப்பதான் ஆள் வந்துட்டாங்க தம்பி' ஆகி விட்டது. ஒரு வீடு இல்லை, மூன்று வீடு. "மார்க் ஷீட்டைக் காட்டலாம், சம்பள ஸ்லிப்பைக் காட்டலாம். பேருக்கு என்னத்தக் காட்டுறது?" என்று சிரித்துக் கொண்டேதான் சொன்னார். அந்த வீட்டுக்காரர்களுக்கு ஆம்பூரும் தெரியாது, எங்கள் சீனியரையும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது முப்பது வருஷமாகப் பார்த்த சினிமா வில்லன்களை. எல்லாவற்றுக்கும் சினிமாதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றுமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். இந்தப் படம் எங்காவது கண்ணில் பட்டால் கமல் ரஜினி என்பதற்காக மட்டும் பார்க்காதீர்கள். செட்டைக் கிண்டல் செய்யுங்கள், தப்பில்லை. பாட்டை ஓட்டி விடுங்கள். ஆனால் அலாவுதீன் என்று ஒருத்தன் வந்து நிற்கிறான், கமருதீன் என்று இன்னொருத்தன் வருகிறான், இரண்டு பேரையும் பார்த்து 'இவன் யார் பக்கம்?' என்ற கேள்வி கதையில் எழவே இல்லை என்பதைக் கவனியுங்கள். நம் ஊரில் அப்படியும் படம் எடுத்திருக்கிறார்கள். இனிமேலும் எடுக்கலாம். அதற்குப் பூதம் எதுவும் வர வேண்டியது இல்லை, ஒரு டைரக்டர் போதும்.