காவலுக்கு வாத்து: கொல்லையில் இடம் இருக்கிறதா?

நாய்க்குப் பதில் வாத்தா என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் ஒரு விஸ்கிக் கிடங்கை 1959 முதல் 2012 வரை வாத்துகள் காவல் காத்தன! பொன்முட்டைக் கதையில் வரும் பெரிய வாத்துதான் இது. கடைக்காரர்கள் 'கூஸ் வாத்து' என்பார்கள். அந்நியர் நிழல் பட்டால் போதும், தெருவையே கூட்டிவிடும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தனி வீடும் துண்டுக் கொல்லையும் உள்ளவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. ஆனால் ஊர் பழைய ஊராக இல்லை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சியாயிற்று. வயல்கள் மனைகளாயின, வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். வாத்துக்கோ இன்றும் புல் வேண்டும், தண்ணீர் வேண்டும், அக்கம்பக்கம் தள்ளியிருக்க வேண்டும்.

லாரித் தண்ணீரில் வாத்தா?

புல்தான் அதன் முக்கிய ஆகாரம். ஒரு ஜோடி இருந்தால் சிறிய தோட்டம் சீக்கிரமே மொட்டையாகிவிடும். நீந்தக் குளம் இல்லாவிட்டாலும், தலை முழுதும் முங்கும்படி தொட்டியில் தண்ணீர் வேண்டும். இல்லாவிட்டால் கண்ணும் மூக்கும் அடைபடும். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானம் சேறாகிவிடும். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் இது சின்னச் செலவா?

கோழிக்குஞ்சுத் தீவனத்தை மட்டும் போட்டு வளர்த்தால் நியாசின் சத்துக் குறைந்து குஞ்சின் கால் பலவீனப்படும். தனிக் குஞ்சை மடியில் வைத்துக் கொஞ்சுவதும் தவறு. மனிதரிடம் பயம் விட்டுப்போன ஆண் வாத்து, இணை சேரும் பருவத்தில் வீட்டுக்காரரையே எதிரியாக நினைத்து மோதும். அது சீறி வரும்போது ஓடினால் துரத்தும். அசையாமல் நிற்க வேண்டும். தூக்கும்போது இறக்கைகளை உடலோடு சேர்த்து அணைக்க வேண்டும். காலைப் பிடித்துத் தொங்கவிடக் கூடாது.

திருடனும் பால்காரரும் ஒன்றே

திருடன் வந்தாலும் பால்காரர் வந்தாலும் ஒரே கூச்சல்தான். அடுத்த வீட்டுக் குழந்தை விழித்து அழுதால் சண்டை மூளும். நகர்ப்புறங்களில் விலங்கு, பறவை வளர்ப்பதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. குஞ்சு வாங்குமுன் நகராட்சி அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது உத்தமம். இருபது ஆண்டு வாழக்கூடிய பிராணி அது என்பதையும் மறக்கலாகாது.

ஏரியில் விட்டால் தீருமா?

சலித்துப் போனால் ஏரியில் விட்டுவிடலாம் என்ற எண்ணந்தான் எல்லாவற்றிலும் அபாயமானது. ஆவடி பருத்திப்பட்டு ஏரி 2019-ல் பசுமைப் பூங்காவாயிற்று. அங்கே வெளிப்பறவைகளும் வந்து தங்குகின்றன. இன்று உலகை அச்சுறுத்தும் எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் வகை 1996-ல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு பண்ணை வாத்திடமே முதலில் கண்டறியப்பட்டது. வாத்தினத்துக்கு இது சில சமயம் வெளியே தெரியாமலே தொற்றிவிடும். பக்கத்துக் கேரளத்தில், ஆலப்புழை வாத்துக்காரர்கள் 2014-லும் 2021-லும் 2024-லும் பறவைக் காய்ச்சலால் கூட்டங் கூட்டமாக வாத்துகளை இழந்தார்கள். நோய் உறுதியானால், அந்த இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள வீட்டுப் பறவைகளையும் அழிப்பதே சர்க்கார் நடைமுறை. ஒரு கொல்லையில் நடந்த அஜாக்கிரதைக்குத் தெரு முழுவதும் கோழியை இழக்க நேரும்.

கோழியையும் வாத்தையும் ஒரே கூண்டில் அடைக்கலாகாது. பறவை திடீரென்று மாண்டால் வெறுங்கையால் தொடாமல், அன்றே அரசு கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.