சுவரில் தொங்குவது எவர் ஊர்?

ஊர்ப்பெயர் என்பது வெறுங் குறியீடன்று. ஓர் இனம் தான் வாழும் நிலத்தொடு கொண்ட உறவுக்கு எழுத்துவழி நிற்கும் சான்று அது. நிலத்தைப் பறிகொடுத்தவன் பெயரை நினைவில் வைத்திருந்தால் ஒருநாள் நிலத்தை மீட்பான். பெயரையும் மறந்தவன் எதைக் கேட்பது என்றே அறியாது நிற்பான்.

அண்மைக் காலத்தே நகர்ப்புற விடுதிக் கூடங்களிலும் புதுமனைச் சுவர்களிலும் புதியதோர் ஒப்பனைப் பொருள் ஏறியிருக்கிறது. பழுப்பேறிய தாள்போல் அச்சிட்டுக் கண்ணாடிச் சட்டமிட்ட, இங்கிலாந்து நாட்டுப்புறத்தின் பழைய நிலப்படங்களே அவை. கெந்து, யார்க்சயர், தெவன் என்னும் மாவட்டங்களின் சிற்றாறுகளும் தோப்புகளும் திருக்கோயில்களும் அவற்றில் நுணுக்கமாய்த் தீட்டப்பெற்றுள்ளன. அவற்றை மாட்டி வைத்திருக்கும் தமிழனை நோக்கி, ‘இதில் உள்ள ஊர்களுள் ஒன்றையேனும் நீ அறிவாயா?’ என்று கேட்டால் விடை கிடைக்காது. ‘அழகாக இருக்கிறது’ என்பதே அவன் கூறும் ஒரே கரணியம்.

அழகு உண்டு, அதனை மறுப்பார் இலர். 1579இல் கிறித்தோபர் சாக்சுதன் இங்கிலாந்து, வேல்சு மாவட்டங்களைத் தனித்தனிப் படங்களாக்கித் தொகுத்தார். 1611இல் சான் சுபீடு தம் படத்தொகுதியை வெளிக்கொணர்ந்தார். 1791இல் தொடங்கப்பெற்ற அந்நாட்டு அளவைத்துறை 1801இல் கெந்து மாவட்டப் படத்தைத் தன் முதற்படமாக வெளியிட்டது. ஆங்கிலேயன் இவற்றைத் தன் இல்லச் சுவரில் மாட்டுவதில் பொருளிருக்கிறது. அப்படத்தில் அவன் பாட்டன் உழுத வயல் இருக்கிறது. அவன் மொழியில், அவன் ஒலியில் அவ்வயலின் பெயர் இருக்கிறது. அவனுக்கு அது குடிவழிப் படம். தமிழனுக்கோ அது அயலான் வீட்டு முன்னோரின் உருவப்படம்! பிறன் பாட்டனின் படத்துக்குச் சட்டமிட்டு மாட்டிவிட்டுத் தன் பாட்டனின் பெயரை மறந்திருப்பவனை உலகம் என்னவென்று கூறும்?

தன் ஊர்ப்பெயர்களை இத்துணைப் பரிவோடு காத்த ஆங்கிலேயன், தமிழ்நிலத்தை அளக்க வந்தபோது செய்தது என்ன? சேம்சு இரென்னல் 1782இல் இந்தியத் துணைக்கண்டத்தின் படத்தை வெளியிட்டார். வில்லியம் இலாம்தன் 1802இல் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கினார். அளவையின் நுட்பம் போற்றத்தக்கதே. ஆனால் நிலத்தை அங்குலம் அங்குலமாக அளந்தவர்களின் படங்களில் பெயர்கள் சிதைந்தன. திருச்சிராப்பள்ளி ‘திரிச்சினாப்பொலி’ ஆயிற்று. கொள்ளிடம் ‘கோல்ரூன்’ ஆயிற்று. பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரம் ‘வால்கொண்டா’ ஆயிற்று. உடையார்பாளையம் ‘ஒடியார்ப்பொல்லம்’ ஆயிற்று. கோணமானியைத் தோளிற் சுமந்தவனும், சங்கிலி இழுத்தவனும், கொடி பிடித்து நின்றவனும் இம்மண்ணின் மக்களே. அவர்களுடைய வாயிலிருந்து பெயரைக் கேட்டவன், தன் நாவுக்கு வந்தவாறே அதனை எழுதிக்கொண்டான்.

இச்சிதைவு பழங்கதை என்று ஒதுக்குவார்க்குப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்துப் பாறைகளே விடை கூறும். பன்னூறு இலக்கம் ஆண்டுகட்கு முன் கடல் புரண்ட நிலம் அது. அங்குள்ள தொல்லுயிர்ப் படிவங்களால் உலக நிலநூலார் அனைவரும் அந்நிலத்தை அறிவர். என்றி பிளான்போர்டு என்னும் ஆங்கில அறிஞர் 1862இல் வெளியான தம் ஆய்வில் அப்பாறைத் தொகுதிகட்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் ஊர்ப்பெயர்களையே இட்டார். பெருமைதான். ஆனால் ஊட்டத்தூர் இன்று உலக நூல்களில் நெடிலிழந்து ‘உட்டட்டூர்’ என்று நிற்கிறது. அதனைப் படித்து வந்த தமிழ் மாணவனே அவ்வாறு ஒலிக்கும்போது ஊர்க்காரன் திகைக்கிறான்.

இன்னொன்றையும் காண்க. பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் பெயரால் ஒரு பாறைப் படிவு உலகெங்கும் வழங்குகிறது. அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024இல் இராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது. காரை முட்செடியின் பெயர். கரை நீரின் விளிம்பு. ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றே! குறிலும் நெடிலும் அறியாத எழுத்தில் தன் ஊரை எழுதி, அவ்வெழுத்திலிருந்தே மீண்டும் தன் ஊரைப் படிக்கும் இனம், செடிக்கும் கரைக்கும் வேறுபாடு அறியாத இனமாகத்தான் முடியும்.

பெயருக்காகப் போராடிய மண்ணும் இதனருகிலேயே உண்டு. சிமெண்டு ஆலை முதலாளியின் பெயரால் கல்லக்குடி ‘தால்மியாபுரம்’ ஆக்கப்பட்டபோது, 1953 சூலை 15ஆம் நாள் தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகையை எதிர்த்து இளைஞர் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்தனர். பின்னாளில் கல்லக்குடி என்னும் பெயர் மீண்டது. ஆயினும் நிலநூலில் அவ்வூரின் பாறைப் படிவு இன்றும் தால்மியாபுரப் படிவு என்றே வழங்குகிறது. பலகையில் வென்ற பெயர் படத்தில் இன்னும் வெல்லவில்லை.

‘நிலத்தை அளக்கவும் படமாக்கவும் ஆங்கிலேயன்தானே கற்றுத் தந்தான்?’ என்று கேட்பாரும் உளர். படத்தாளை அவன் தந்திருக்கலாம். அளவையை அவன் தரவில்லை. இராசராசன் காலத்தே சோழநாடு முழுதும் அளக்கப்பெற்றது. வேலியின் மிக நுண்ணிய கீழ்வாய்ப் பின்னமும் கணக்கில் ஏறியது. ஊரைக் கொடையாகத் தந்தபோது பெண்யானையை எல்லை நெடுகிலும் நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு, ஒவ்வொரு வாய்க்காலையும் மேட்டையும் பெயர் சொல்லிச் செப்பேட்டில் பொறித்தனர். ஆனைமங்கலச் செப்பேடு அதற்குச் சான்று. இன்றைய அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதற் குலோத்துங்கன் 1086இல் நாட்டை மீண்டும் அளப்பித்தான். அதே 1086இல்தான் இங்கிலாந்து மன்னன் வில்லியம் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்துத் தூம்சுதே ஏட்டில் எழுதுவித்தான். ஒரே ஆண்டில் இரு நாடுகள் தம் நிலத்தை எழுதின. அவன் அவ்வேட்டைத் தன் வரலாற்றின் கருவூலமாகக் காக்கிறான். தமிழனோ தன் அளவையை மறந்து, அவனுடைய நாட்டுப் படத்தை விலைகொடுத்து வாங்குகிறான்!

அயர்லாந்தும் இந்நிலையில் இருந்தது. 1824 முதல் ஆங்கில அளவைத்துறை அந்நாட்டை அளந்து ஐரிசுப் பெயர்களை ஆங்கில எழுத்துக்கேற்பத் திரித்தது. 2004இல் அந்நாட்டு அரசு ஆணையிட்டு, ஐரிசுமொழி வழங்கும் பகுதிகளில் ஐரிசுப் பெயர்களையே சட்டப்படியானவை ஆக்கியது. தமிழ்நாட்டிலோ 2020 சூன் திங்களில் 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்தி வெளியான ஆணை, சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எழுத்துக்கூட்டலில் குறையிருந்தால் குறையைக் களைந்து மீண்டும் வெளியிடுவதே முறை; பணியையே கைவிடுவது முறையன்று.

அரசு செய்யட்டும் என்று மக்கள் கைகட்டி நிற்கவும் காலமில்லை. அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக் கல்லுக்காக நிலம் ஆழத் தோண்டப்படுகிறது. வயல் பள்ளமான பின் அவ்வயலின் பெயர் பழைய ஊர்ப்படத்திலும் முதியோர் நினைவிலும் மட்டுமே எஞ்சும். படம் கிழியும், முதியோர் மறைவர். பிறகு அங்கே ஓர் ஏரி இருந்ததென்றோ, வாய்க்கால் ஓடியதென்றோ வழக்குமன்றத்தில் நின்று சொல்ல எவரிடம் சான்றிருக்கும்? ஊர்ப்படம் ஒப்பனைப் பொருளன்று. உழவனின் உரிமை ஆவணம்.

ஆதலின் ஒவ்வோர் ஊரின் பழைய ஊர்ப்படத்தையும் புலப்படங்களையும் படியெடுக்க வேண்டும். ஏரி, குளம், ஓடை, மேடு, திடல் ஆகியவற்றின் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தூய தமிழெழுத்தில் அவற்றுள் நிரப்ப வேண்டும். இராசேந்திரன் வெட்டுவித்த சோழகங்கம் இன்று பொன்னேரி என வழங்குவதைப்போல், பழம்பெயரும் வழக்குப்பெயரும் அருகருகே இடம்பெற வேண்டும். பள்ளிச் சுவரிலும் ஊராட்சி மன்றச் சுவரிலும் அப்படம் தொங்க வேண்டும். இளைஞர் பத்துப்பேர் கூடினால் ஓர் ஊருக்கு ஒரு திங்களில் முடியும் பணி இது.

ஆங்கிலேயனின் படத்தைக் கிழித்தெறிய வேண்டா. அதில் அவன் தன் ஊரைப் போற்றிய பாங்கைக் கற்றுக்கொள்ளட்டும் தமிழன். கற்றபின் அச்சட்டத்தினுள் தன் ஊரை வைக்கட்டும்!