ஒரு மரையாணிதானே?

எமது நிலையத்து வானின் பின் ஆசனம் மடிக்கக்கூடியது. நெல் மூடை ஏற்றும் நாளில் மடித்துவிடுவோம். கூட்டத்திற்கு ஆட்களை ஏற்றும் நாளில் விரித்துவிடுவோம். இவ்வாறு மடித்தும் விரித்தும் வந்ததில் ஆசனத்தைத் தளத்தோடு பிணைக்கும் மரையாணி ஒன்று எங்கோ கழன்று விழுந்துவிட்டது. கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டி, "ஒரு மரையாணிதானே, பிறகு பார்ப்போம்" என்றோம். அந்தப் 'பிறகு' நான்கு மாதமாகியும் வரவில்லை.

ஒரு மாலையில் மாடுகள் வீதியின் குறுக்கே வர, சாரதி சடுதியாகப் பிறேக்கை அழுத்தினார். கம்பி அறுந்து ஆசனம் கவிழ்ந்தது. அதிலிருந்த வயதான அம்மா ஒருவரின் மணிக்கட்டு முறிந்தது. அந்தப் போகம் அவர் வயலில் இறங்கவில்லை. "வாகனம் என்றால் அப்படித்தான் சுவாமி" என்று எமக்கே ஆறுதல் சொன்னார். ஆனால் தவறு வாகனத்தினுடையதன்று, எம்முடையது.

அதன் பின்னரே மறுபக்கத்து ஆணியைக் கழற்றி, மாதிரிக்குக் கடைக்குக் கொண்டுசென்றோம். தடிப்பு 10 மில்லிமீற்றர். அத்தடிப்பில் ஆணிகள் நிறைய இருந்தன, மரைதான் பொருந்தவில்லை. சாதாரண 10 மில்லிமீற்றர் ஆணியில் மரைகளுக்கிடையே 1.5 மில்லிமீற்றர் இடைவெளி. யப்பானிய வாகனங்கள் பலவற்றில் அது 1.25. கவனியாது பலவந்தமாகத் திருகினால் உள்ளேயுள்ள சுரையின் மரையும் அழிந்துவிடும். ஆகவே முதற் சில சுற்றுக்களைக் கையாலேயே திருக வேண்டும். இலகுவாக ஏறினால் மட்டுமே ஸ்பனர் போடலாம். ஆணியின் தலையில் 8.8 அல்லது 10.9 எனப் பொறித்திருப்பது உருக்கின் பலத்தைக் குறிப்பது. பழைய ஆணியில் உள்ள இலக்கத்திற்குக் குறைந்ததை ஆளைத் தாங்கும் ஆசனத்திற்குப் போடக்கூடாது. இத்தனையும் பார்த்து வாங்கிய ஆணியின் விலை ஏறத்தாழ ஓர் இறாத்தல் பாணின் விலைதான்.

கம்பியை நாம் நாடுவதன் காரணம் எமக்குத் தெரியும். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் வாகனம் ஓடினோம். ஜாம் போத்தலில் விளக்கேற்றினோம். சைக்கிள் டைனமோவில் வானொலி கேட்டோம். அந்தச் சமாளிப்பு எம்மை வாழவைத்தது. ஆனால் அது பொருள் கிடைக்காத காலத்து ஞானம். கடையில் ஆணி இருக்கும்போதும் கம்பி கட்டுவது சிக்கனமன்று, அசட்டை.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடம்பெயர்வு எமக்குத் 'தற்காலிகம்' என்ற சொல்லைப் பழக்கிவிட்டது. தற்காலிகக் கொட்டில், தற்காலிகப் பாடசாலை, தற்காலிக வரம்பு. நாளை எங்கே என்று தெரியாதவர் எதையும் நிலையாகச் செய்யத் தயங்குவது இயல்பே. அதற்கு அவரைக் குறைகூற முடியாது. அவரது காணியை இன்னும் விடாதிருப்போரே பதில் சொல்ல வேண்டும். ஆயினும் கொட்டில் தற்காலிகமானாலும் அதில் வாழ்பவரின் கையும் காலும் தற்காலிகமானவை அல்ல.

உதவி நிறுவனங்களுக்கும் ஒரு சொல். உழவு இயந்திரமும் நீரிறைக்கும் இயந்திரமும் நாடா வெட்டிக் கையளிக்கிறோம், படமும் எடுக்கிறோம். உதிரிப்பாகமோ, ஸ்பனர் தொகுதியோ, திருத்தத் தெரிந்த ஓர் இளைஞனோ அவற்றோடு சேர்ந்து ஊருக்கு வருவதில்லை. எமது நிலையமும் இதற்கு விலக்கன்று.

எனவே ஒவ்வொரு விவசாயச் சங்கமும் ஒரு கருவிப் பெட்டி வைத்திருக்கட்டும். வழக்கமாகத் தேவைப்படும் ஆணி, சுரை, வாசர் அதில் இருக்கட்டும். கழற்றியது என்ன, போட்டது என்ன என்பதை ஒரு கொப்பியில் எழுதுங்கள். காலபோகத்திற்கு முன்னும், மடுத் திருவிழாவுக்குப் பிள்ளைகளை ஏற்றிப் புறப்படுமுன்னும், உழவு இயந்திரப் பெட்டியைக் கொழுவும் ஆணியைக் கையால் தொட்டுப் பாருங்கள். மாட்டுவண்டி ஓட்டிய எமது தந்தையர் கடையாணியைப் பார்க்காமல் வண்டி ஏறியதில்லை.

காணாமற்போன ஒரு நாணயத்திற்காக விளக்கேற்றி வீடு முழுவதையும் கூட்டிய பெண்ணை ஆண்டவர் உவமையில் காட்டினார். ஒன்பது கையில் இருக்கிறதே, ஒன்றுதானே என்று அவள் விட்டுவிடவில்லை. நாம் விட்டோம், அதன் விலையை அந்த அம்மா கொடுத்தார்.