சந்தேகம் சாட்சியாகுமா?

அமேசான் பிரைமில் 2022ஆம் ஆண்டு வெளியான ‘சுழல்’ என்னும் மர்மத் தொடரின் முதல் அத்தியாயத்தைக் களுவாஞ்சிக்குடியில் அன்பர் சிலரோடு அண்மையிற் கண்டோம். சீமெந்துத் தொழிற்சாலையில் வேலைநிறுத்தம். பின்னர் அந்தத் தொழிற்சாலையே தீப்பற்றி எரிகிறது. தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் நிலாவைக் காணவில்லை. ஆயினும் பொலிசாரின் கண் முதலில் விழுவது எங்கே? மகளைத் தேடும் அந்தத் தகப்பன்மீதே! உரிமை கேட்டவன் தீயும் வைத்திருப்பான் என்பது அவர்தம் நியாயம். பார்த்திபனின் நடிப்பு நன்று; அது நிற்க.

உடனிருந்த கமக்காரர் ஒருவர், “கொண்டுபோய் நாலு தட்டுத் தட்டினால் உண்மை வந்துவிடும்” என்றார். நாம் திடுக்கிட்டோம். அந்தத் தட்டுக்கு அஞ்சியன்றோ, பொலிஸ் உத்தியோகத்தரிடம் அளித்த குற்ற ஒப்புதலை எதிரிக்கு மாறாக எண்பித்தல் ஆகாதென 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் 25ஆம் பிரிவில் விலக்கிவைத்தது? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டமோ, அந்த வேலியை 16ஆம் பிரிவாற் பிடுங்கி எறிந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் சொன்னது சான்றாகலாமாம். அது அச்சுறுத்திப் பெற்றதாயின், அதை நிரூபிக்கும் சுமையும் எதிரியின் தலையிலேயாம்!

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் அச்சுமையைச் சுமந்த குடும்பங்களை அன்பர் அறியாரா? பூட்டிய அறையில் தனித்து நின்று அடிபட்டவன், யாரைத்தான் சாட்சிக்கு அழைப்பான்?