கரையைக் காக்கும் கருங்கல்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற நேயர்கள், செங்குத்தான சரிவுகளிலே சாந்து பூசாது அடுக்கிய கல்லணைகளைக் கண்டிருப்பர். மழைநீர் கல்லிடுக்குகளின் வழியே கசிந்தோடிவிடுவதால் மண்ணின் பாரம் மிகுவதில்லை, அணையும் நிலைக்கின்றது. இடுக்கையெல்லாம் சாந்தால் அடைத்து, நீருக்கு வழி விடாதவன் தன் மதிலைத் தானே தள்ளுகின்றான்.

மலையைக் காணாத மாரவில, சிலாபக் கரைக்கும் இவ்வித்தை வேண்டியதாயிற்று. கடல் அரித்த மணற்சரிவுகள் பலவற்றில், உள்நாட்டிலிருந்து லொறியிற் கொணர்ந்த கருங்கற்களைச் சாய்வாக அடுக்கியிருக்கின்றனர். மேலே ஆள் தூக்கவியலாப் பெருங்கல், அடியிலே சிறுகல். இச்சிறுகற் படுக்கையே உயிர்நிலை. அஃது இல்லையேல், திரும்பும் அலை இடுக்குவழியே மணலை உறிஞ்சிவிடும். எத்துணைப் பெரிய கல்லும் புதைந்துபோம். செங்குத்துச் சுவரோ அலையைத் திருப்பியறைந்து, தன் காலடியையே தோண்டுவிக்கும்.

ஆயினும், கல் மணலைப் படைப்பதில்லை. மகா ஓயாவும் தெதுரு ஓயாவும் கொணரும் மணல், பெரும்பாலும் வடக்கு நோக்கி நகர்ந்து இக்கரையை வளர்ப்பது. ஆற்றிலேயே அதனை அள்ளி விற்றமையால் வரவு சுருங்கிற்று. கல்லணை முடியுமிடத்தில் அலை அடுத்த வளவைக் கடிக்கின்றது; தென்னையை இழப்பவர் வடக்கேயுள்ள அயலவர்.

1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, கரையிலிருந்து 300 மீற்றருக்குள் இத்தகைய வேலைக்குக் கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். லொறி பேசுமுன் அங்கு சென்று வருக.