தாதியக் கல்விக்கு உரைகல் யாது?

பரீட்சை மண்டபத்திற் பெறும் புள்ளியே கல்வியின் அளவுகோல் என்னும் மயக்கம் எல்லாத் துறைகளையும் பற்றியிருக்கின்றது. ஏனைய துறைகளில் இம்மயக்கத்தால் விளைவது அறிவின் வறுமை. தாதியத் துறையில் விளைவதோ உறுப்பிழப்பும் உயிரிழப்பும். ஆதலின், தாதியர்க்குக் கற்பித்தலும் தாதியர் நோயாளர்க்குக் கற்பித்தலும் எவ்வாறு மதிப்பிடப்படுகின்றன என்ற வினா மருத்துவ பீடத்தின் சுவர்களுக்குள் அடங்கிக் கிடக்கத் தக்கதன்று.

திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவத்தை நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து அதனைக் கொடுப்பவன் என நான்கு கூறாக வகுக்கின்றது. அங்கே முதலில் வைத்தெண்ணப்படுபவன் நோயாளனே. இன்றைய மதிப்பீட்டிலோ அவனுக்குப் பெரிதும் இடமில்லை. 'அறிவுரை வழங்கப்பட்டது' என்று ஏட்டில் எழுதியதும் கற்பித்தல் முடிந்ததாகக் கொள்ளப்படுகின்றது. வழங்கியது சரி, பெற்றுக்கொண்டவர் யார்?

அமெரிக்க அறிஞர் டொனால்ட் கேர்க்பற்றிக் 1959 இல் பயிற்சியை மதிப்பிட நான்கு படிகளை வகுத்தார். கற்போரின் மனநிறைவு, அவர் பெற்ற அறிவு, தொழிலிடத்தில் அவர் நடத்தையில் நேர்ந்த மாற்றம், அதனால் விளைந்த பயன் என்பன அவை. வினாத்தாள் அளப்பது இரண்டாம் படியை மட்டுமே. எஞ்சிய மேற்படிகள் விடுதிக் கட்டிலருகிலும் நோயாளியின் அடுக்களையிலும் உள்ளன. அங்கே சென்று அளப்போர் எத்தனை பேர்?

காலில் உணர்ச்சி குன்றிய நீரிழிவு நோயாளர் வெறுங்காலுடன் நடத்தலாகாது என்பது எந்தத் தாதிய மாணவியும் எழுதக்கூடிய விடை. திருவிழாக் காலத்தில் நல்லூர் வீதிச் சுடுமணலிற் செருப்பின்றி நடப்பதை நேர்த்தியாகக் கொண்ட முதியவருக்கு அவ்விடை என்ன பயனைத் தரும்? "நடவாதீர்கள்" என்றால் தலையசைத்துவிட்டு நடப்பார். வெயில் ஏறுமுன் காலைப் பூசைக்குச் செல்லவும், வீடு திரும்பியதும் உள்ளங்காலைப் பார்க்கவும், கொப்புளங் கண்டால் அன்றே வரவும் சொல்லி, அதனை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்பவரே கற்பித்தவராவர். தலையசைப்பு மரியாதையின் அடையாளம், விளக்கத்தின் சான்றாகாது.

இவ்வுண்மையை யாழ்ப்பாணம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே கண்டது. 1847 இல் இங்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். கற்றோர் உத்தியோகம் நாடி வெளியேறினர். கிராமத்தவர் மருத்துவரின்றியே இருந்தனர். பின்னர் மானிப்பாயில் அவர் தமிழிற் கற்பிக்கத் தலைப்பட்டார். 'இரணவைத்தியம்' 1867 இலும் 'மனுஷ அங்காதிபாதம்' 1872 இலும் வெளிவந்தன. தம் மாணவர் யாரைச் சென்றடைந்தனர் என்பதைக் கொண்டே அவர் தமது கற்பித்தலை எடைபோட்டார். இன்று கிறீனுக்கு விழா எடுப்போர் பலர். அவர் கேட்ட வினாவைக் கேட்போர் சிலர்.

ஆங்கிலத்தை விட்டால் தாதியர் உலக அறிவினின்று துண்டிக்கப்படுவர் என்பாருமுளர். ஆங்கிலத்தை விடுமாறு கூறுவார் எவருமிலர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் தாதியப் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடைபெறுவதிற் குற்றமில்லை. ஆயின், ஆங்கிலத்திற் கற்றதை நோயாளியின் மொழியில் விளக்கும் ஆற்றலுக்குப் புள்ளி ஒதுக்காத எந்தப் பாடத்திட்டமும் குறையுடையதே. நோயாளியின் மொழி என்பது கலைச்சொல் அகராதியின் தமிழும் அன்று. 'பிறஷர்' என்றும் 'சீனி வருத்தம்' என்றும் சொல்லிப் பழகிய ஆச்சிக்குக் 'குருதியமுக்கம்' ஆங்கிலத்தைப் போலவே அந்நியமானது. தமிழ்ப் பற்றாளரும் இதனை மனங்கொள்ளவேண்டும்.

நெரிசல் மிக்க விடுதியில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது மற்றொரு தடை. ஆறாத புண்ணோடு மீண்டு வரும் நோயாளிக்குச் செலவாகும் நேரத்தை இவ்வாறு வினவுவோர் கணக்கிட்டதில்லை. எனினும், ஆளணியும் நேரமும் தராது தாதியரை மட்டும் குறைகூறுவது அநீதி. அப்பொறுப்பு நிருவாகத்தினுடையது.

எனவே, இறுதிப் பரீட்சையில் நோயாளர் ஒருவருக்குக் கற்பித்துக் காட்டுதல் கட்டாயமாதல் வேண்டும். அவ்வாறு கற்றவரைச் சில நாள் கழித்து வினவி, அவர் நினைவில் நிற்பதற்கும் அவர் செய்வதற்குமே புள்ளி வழங்கப்படல் வேண்டும். பரீட்சகரை மகிழ்வித்த விடை நோயாளியின் காலைக் காக்கவில்லையாயின், தோற்றது அம்மாணவி மட்டுமல்லர். அவருக்குப் புள்ளியிட்ட கல்வியுமே.